வழியறிந்து விடை காண்போம்

வேதியியல் ஆசிரியர் வீட்டில் செய்துவருமாறு தரும் கணக்குகளை மாணவர் பலர் ஒரு சுமையாகவே கருதுகின்றனர். நூலின் இறுதியிலுள்ள விடையை முதலில் நோக்கி, அதற்கேற்பப் படிகளை இட்டு நிரப்புவோரும் உளர். நண்பனது ஏட்டைப் பார்த்து எழுதிவிடுவோரும் உளர். விடை சரியாயின் வழி எதுவாயின் என்ன என்பது அவர்தம் எண்ணம். அவ்வெண்ணம் பொருந்தாது. கணக்கின் பயன் விடையில் இல்லை. விடையை அடையும் வழியிலேயே உள்ளது என்பது என் கருத்து.

எடுத்துக்காட்டு ஒன்று காண்போம். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கூடி நீராகின்றன. ஹைட்ரஜன் மூலக்கூறு ஒன்றில் அணுக்கள் இரண்டு. ஆக்சிஜன் மூலக்கூறு ஒன்றிலும் அணுக்கள் இரண்டு. நீரின் மூலக்கூறிலோ ஹைட்ரஜன் அணுக்கள் இரண்டும் ஆக்சிஜன் அணு ஒன்றுமே உள்ளன. ஆகவே, சமன்பாட்டை எழுதத் தொடங்கும் மாணவன், இடப்புறத்தில் ஆக்சிஜன் அணுக்கள் இரண்டையும் வலப்புறத்தில் ஒன்றையும் காண்கிறான். இக்குறையை எவ்வாறு நீக்குவது? விரைந்து முடிக்க விழைபவன், நீரின் குறியீட்டில் ஆக்சிஜனுக்குக் கீழே 2 என்னும் எண்ணை எழுதிவிடுவான். இருபுறமும் ஒத்துவிடும். ஆனால், அவன் எழுதியது இப்போது நீர் அன்று. ஹைட்ரஜன் பெராக்சைடு என்னும் வேறொரு பொருள். நீர் தாகம் தணிப்பது. அதுவோ செறிந்த நிலையில் தோலைப் புண்ணாக்குவது. எண் ஒத்தது, பொருள் மாறிற்று!

முறையறிந்த மாணவன் குறியீட்டைத் தொடான். ஹைட்ரஜனுக்கு முன்னும் நீருக்கு முன்னும் 2 என எண்ணிட்டுச் சமன் செய்வான். செய்யுள் இயற்றுவோர்க்கும் நெறி இதுவே அன்றோ? தளை அமையவேண்டிச் சொல்லை மனம்போல் திரித்தால், ஓசை அமையலாம்; கருத்துச் சிதைந்துவிடும்.

மற்றொரு கணக்கைக் காண்போம். 6 கிராம் மக்னீசியத்தை ஆக்சிஜனில் முற்றும் எரித்தால் கிடைக்கும் மக்னீசியம் ஆக்சைடு எவ்வளவு? விறகு எரிந்து சிறிது சாம்பலாவதைக் கண்டவன், எடை குறையும் என்றே எண்ணுவான். முறைப்படி கணக்கிட்டால் உண்மை புலப்படும். மக்னீசியத்தின் அணு எடை 24. ஆக்சிஜனின் அணு எடை 16. ஆகவே, 24 கிராம் மக்னீசியம் 16 கிராம் ஆக்சிஜனோடு கூடி 40 கிராம் ஆக்சைடு ஆகும். அவ்வாறாயின், 6 கிராம் மக்னீசியம் 4 கிராம் ஆக்சிஜனை ஏற்று 10 கிராம் ஆகும். எரிந்தபின் எடை கூடுகிறது! விறகிலும் எடை அழிவதில்லை. வாயுவாகவும் புகையாகவும் வெளியேறுகிறது. மாற்றத்திற்கு முன்னும் பின்னும் மொத்த எடை ஒன்றே என்னும் இவ்வுண்மையைப் பிரெஞ்சு அறிஞர் லவாய்சியர் தராசின் துணைகொண்டு நிறுவி, 1789இல் தாம் வெளியிட்ட நூலில் வலியுறுத்தினார். 10 என்னும் விடையை மட்டும் பார்த்து எழுதியவன் இவ்வியப்பை எங்ஙனம் அறிவான்?

அங்ஙனமாயின், விடையைப் பார்த்தலே குற்றமோ எனின், அன்று. தானே முயன்று முடித்தபின் ஒப்புநோக்குதல் நன்று. மாறுபடின், எப்படியில் பிழை நேர்ந்தது எனத் தேடுதல் அதனினும் நன்று. அத்தேடலே கல்வி.

மாணவர்களே! நாளை உங்களுள் சிலர் மருந்து கலப்பீர்கள். சிலர் வயலுக்குப் பூச்சிமருந்தை அளந்து தெளிப்பீர்கள். மில்லிகிராம் என எழுதவேண்டிய இடத்தில் கிராம் என எழுதினால், அளவு ஆயிரம் மடங்காகும். உயிருக்கே கேடு விளையும். அவ்விடத்தில் புரட்டிப் பார்ப்பதற்கு விடைப்பக்கம் இராது. உங்கள் பயிற்சி ஒன்றே துணைநிற்கும். ஆகவே, இன்று தரப்படும் சிறு கணக்கையும் உங்கள் கையாலேயே, படிப்படியாக, அலகு தவறாமல் செய்து பழகுங்கள்.