பானட்டுக்கு மட்டும் பூட்டு இல்லையா?

ஆடி ஐந்தாம் வெள்ளி. துணைநிலை ஆளுநரே வடம் பிடிக்கும் வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேர். சாலையோரம் நெடுகக் கார்கள். கதவுக்குப் பூட்டு, டிக்கிக்குப் பூட்டு, ஸ்டியரிங்குக்குக் கூடப் பூட்டு! பேட்டரி இருக்கும் பானட்டுக்கு? பெரும்பாலான கார்களில் உள்ளே ஒரு லீவர், ஒரு கேபிள், அவ்வளவுதான். கண்ணாடியை உடைத்தவனுக்கு ஒரே இழுப்பு!

"தனியாகப் பூட்டு வாங்கி மாட்டிக்கோங்க" என்பது என்ன நியாயம்? துளை போட்ட இடத்தில் துரு ஏறும். இந்த உப்புக் காற்றில் பூட்டே இறுகிப் போகும். அப்புறம் உள்ளே புகை வந்தால் எப்படித் திறப்பது? லட்சக்கணக்கில் வாங்கிக்கொள்ளும் கம்பெனி, பானட்டுக்கும் ஒரு சாவி கொடுத்தால் குறைந்தா போய்விடும்? வேறு வழியில்லாதவர்கள் மாட்டட்டும். புதுக் கார் வாங்குகிறவர்களோ, ஷோரூமில் இதைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்!