வரியைத் தேடு, காப்பியடி!

ப்ளஸ் டூ ஆங்கிலத்தில் பாடப்புத்தகத்தில் இல்லாத பத்தி ஒன்று கொடுத்து, கீழே கேள்விகள் கேட்பார்கள். 200 மார்க்குக்கு இரண்டு தாளாக இருந்த ஆங்கிலம் 2019 முதல் 100 மார்க்குக்கு ஒரே தாளாகிவிட்டது. ஆனால் இந்தப் பத்திக்கு ஆரணி டியூஷன்களில் சொல்லித்தரும் வழி மட்டும் மாறவில்லை. கேள்வியில் இருக்கும் வார்த்தையைப் பத்தியில் தேடு, அந்த வரியை அப்படியே எழுது. அவ்வளவுதான்!

"ராமு பெட்டியை ஜிம்பினான்." ராமு எதை ஜிம்பினான்? பெட்டியை. முழு மார்க்! ஜிம்புவது என்றால் என்ன என்று யாருக்கும் தெரிய வேண்டாம்.

சீனாவில் பள்ளி முடிப்பவர்கள் எழுதும் காவ்காவ் தேர்வில் ஆங்கிலத்துக்கு 150 மார்க். அங்கேயும் உருப்போடுவது உண்டு. ஆனால் பத்திக்கு எந்தத் தலைப்பு பொருந்தும், எழுதியவர் என்ன சொல்ல வருகிறார் என்றெல்லாம் கேட்கிறார்கள். வரியைத் தேடினால் பதில் கிடைக்காது.

இங்கே மார்க் வாங்கிய பிறகுதான் சிக்கலே. தறி நெய்யும் அப்பா, ஆங்கிலத்தில் இருக்கும் லோன் பேப்பரைக் கையெழுத்துக்கு முன் பிள்ளையிடம்தான் நீட்டுவார். அதில் கீழே கேள்வி இருக்காது. எதைக் கேட்பது என்றே பிள்ளைக்குத் தெரியாது.

பயிற்சிக்கு கைடு தேட வேண்டாம். பட்டுப்புடவையில் தொங்கும் சில்க் மார்க் சீட்டே போதும். பட்டுக்கு உறுதி தருகிறது, சரி. ஜரிகைக்கும் தருகிறதா? வாத்தியார்கள் இப்படிக் கேட்க ஆரம்பித்தால், பிள்ளைகள் படிக்க ஆரம்பிப்பார்கள்.