புற்றில் எழுந்தருளிய பெருமான்

கோயில் திருவிழா தொடங்குமுன் முளைப்பாலிகைக்கு மண் எடுக்கும் சடங்கை மிருத்சங்கிரகணம் என்பர். அதற்குப் புற்றுமண் உகந்ததென்பது வழக்கு. வயலில் எத்தனையோ மண் இருக்க, இது ஏன்?

காரணம் அதைக் குழைத்த உயிரில் இருக்கிறது. பார்வையற்ற வேலைக்காரக் கரையான்கள் நிலத்தின் ஆழத்திலிருந்து மண்ணை மணிமணியாக வாயில் கொணர்ந்து, எச்சிலால் குழைத்து அடுக்குகின்றன. அடிமண் மேலே வருகிறது. ஈரமும் காற்றும் உள்ளே சீராக நிற்கின்றன. உள்ளறைகளில் அவை பூஞ்சை வளர்க்கின்றன. மழைக்குப் பின் புற்றின்மேல் வெண்காளான் பூப்பது அதனால்தான். ஆறாம் நூற்றாண்டினரான வராகமிகிரர், பிருகத் சம்ஹிதையில் நிலத்தடி நீரை அறியும் குறிகளுள் புற்றையும் சேர்த்திருக்கிறார். வான்மீகி முனிவரின் திருநாமமே புற்றிலிருந்து பிறந்தது. வன்மீகம் என்றால் புற்று.

திருவாரூரில் இறைவன் வன்மீகநாதர், புற்றிடங்கொண்டார். திருவெறும்பூரில் எறும்பு வடிவில் வந்த தேவர்களுக்காகப் புற்றாகிச் சற்றே சாய்ந்து கொடுத்தவர் எறும்பீசர். திருவொற்றியூரிலும் புற்றே லிங்கம். அங்கு ஆண்டு முழுதும் கவசம் சாத்தியிருக்கும். கார்த்திகைப் பௌர்ணமியையொட்டி மூன்று நாள் மட்டுமே அதை நீக்கிப் புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்துவர். குடம் குடமாக நீராட்டும் வழக்கம் அத்திருமேனிக்கு இல்லை. மண்ணை நீர் கரைக்கும் என்பதைப் பெரியோர் மறக்கவில்லை.

ஆனால் தெருவோரப் புற்றின் நிலை வேறு. ஆடி வெள்ளியிலும் நாக சதுர்த்தியிலும் பொந்துக்குள்ளேயே பாலை ஊற்றுகிறார்கள். முட்டையை உடைத்து விடுகிறார்கள். வாயிலிலேயே கற்பூரம் ஏற்றுகிறார்கள். பக்தியில் குறையில்லை. உள்ளே இருப்பவரை யார் நினைத்தார்?

கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்தது என்னும் பழமொழி உண்மையே. நாகத்திற்குத் தோண்டும் உறுப்பு இல்லை. கரையான் கைவிட்ட புற்றிலோ எலி வளையிலோ அது ஒதுங்குகிறது. எலியும் தவளையும் அதன் இரை. தாகத்திற்கு நீர் அருந்தும். பால் அதன் உணவன்று. அதன் பிளந்த நாக்கு மணம் அறிவதற்கே உரியது. பல நாள் நீரின்றி வாட்டி வைக்கப்பட்ட பாம்புதான் பிடாரன் நீட்டும் பாலில் வாய் வைக்கும். அதைக் கண்டே நாகம் பால் குடிக்கும் என்ற எண்ணம் வேரூன்றியது போலும். பொந்தில் ஊற்றிய பால் உள்ளே தேங்கிப் புளித்து நாறும். புகையும் சேர்ந்தால் பாம்பு அவ்விடத்தை விட்டு விலகும். கரையான் குடியிருக்கும் புற்றானால் சுவர் இளகும்.

இதற்கு மாற்று புதிதாகத் தேட வேண்டியதன்று. பல ஊர்களில் அரசும் வேம்பும் பிணைந்த மேடையில் கல் நாகர்களைப் பிரதிட்டை செய்திருக்கிறார்கள். பாலாபிஷேகத்தை அங்கே செய்து, புற்றுக்கு வெளிப்புறம் மஞ்சளும் குங்குமமும் இட்டு, விளக்கைச் சற்றுத் தள்ளி வைத்து வலம் வருவோர் இன்றும் உண்டு. கூட்டம் கலைந்த பின், மனிதக் கால் பட்டு உதிர்ந்த புற்றின் விளிம்பைக் கரையான்கள் இரவோடிரவாக ஈரமண் வைத்து மூடத் தொடங்கிவிடும்.