இடுகுறியும் இருட்டும்

முகவரி தெரியாத விளக்கு, இருந்தும் இல்லாத விளக்கே. அந்த முகவரியைத் தேடும் வேலையை, வந்திறங்கும் நாடகக் குழுவின் தலையில் கட்டுவது அரங்க நிர்வாகங்களின் வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கம் ஒழிய வேண்டும்.

விவரம் அறியாதோர்க்குச் சில சொற்கள். மேடை விளக்குகளை ஆளும் டிஎம்எக்ஸ் 512 என்னும் நெறிமுறை 1986-இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. ஒரே வடத்தில் 512 சேனல்கள். ஒவ்வொன்றிலும் 0 முதல் 255 வரை ஒரு மதிப்பு. விளக்கில் எந்த எண் முகவரியாக இடப்பட்டுள்ளதோ, அவ்வெண்ணிலிருந்து வரும் மதிப்புகளுக்கே அது பணியும். செய்தி கன்சோலிலிருந்து விளக்குக்குச் செல்லும், மறுமொழி வராது. களப்பணிக்குச் செல்லும் மொழியியலாளருக்குத் தகவலாளி ஒருவராவது வாய்திறப்பார். இங்கே அதுவும் இல்லை.

“கண்டுபிடிப்பதுதானே ஒளியமைப்பாளரின் தொழில்?” என்கின்றனர் சிலர். கண்டுபிடிக்கலாம், வழி அழகானதுங்கூட. முதலில் ஒற்றைப்படைச் சேனல்களை மட்டும் முழுதாக ஏற்றி, எரியும் விளக்குகளைக் குறிக்க வேண்டும். அடுத்து, இரும எண்ணாக எழுதினால் வலமிருந்து இரண்டாம் இடத்தில் 1 வரும் சேனல்கள். பிறகு மூன்றாம் இடம். இப்படி ஒன்பது சுற்று. எரிந்தால் 1, எரியாவிட்டால் 0 என வலமிருந்து எழுதிவந்தால், ஒவ்வொரு விளக்கின் முகவரியும் கைக்கு வந்துவிடும்.

ஆனால் இது ஒரு விளக்குக்கு ஒரு சேனல் என்றிருந்த டிம்மர் காலத்துக் கணக்கு. இன்றைய எல்இடி விளக்குகள் பலவற்றில் ஒளியளவுக்கு ஒரு சேனல், சிவப்பு, பச்சை, நீலத்துக்குத் தனித்தனிச் சேனல்கள். ஒளியளவு சுழியத்தில் இருக்கச் சிவப்பை மட்டும் ஏற்றினால் விளக்கு கண்திறக்காது. இரு விளக்குகளுக்கு ஒரே முகவரி இட்டிருந்தால் ஏணி ஏறித்தான் பிரிக்க வேண்டும். விளக்கைப் பேசவைக்கும் ஆர்டிஎம் நெறிமுறை 2006-இலேயே வந்துவிட்டது. கன்சோல், விளக்கு, இடைக்கருவி அனைத்தும் அதனை ஏற்றால்தான் பயன்.

பெயர்களை இடுகுறி, காரணம் என நன்னூல் பகுக்கிறது. 137 என்னும் முகவரி கலப்பற்ற இடுகுறி. விளக்கை எவ்வளவு உற்றுநோக்கினாலும் அந்த எண் தெரியாது. இடுகுறிக்கு உயிர் கொடுப்பது வழக்கு. பலரும் அறிந்தால்தான் அது மொழி. ஒருவர் நினைவில் மட்டும் இருக்கும் பட்டியல் மொழியன்று, பூட்டு.

நான் தங்கியிருக்கும் பழவங்காடியை ஒட்டிய கோட்டைப் பகுதியில், 1970-இல் தொடங்கப்பட்ட ‘மார்கி’ கூடியாட்டத்தையும் கதகளியையும் பேணிவருகிறது. கூடியாட்ட விளக்கில் ஆட்டக்காரரை நோக்கி இரு திரி, அவையை நோக்கி ஒரு திரி. எந்தக் கூத்தம்பலத்துக்குச் சென்றாலும் இதனை எவரிடமும் கேட்டறிய வேண்டியதில்லை. எண்ணெய் விளக்குக்கு நம் முன்னோர் செய்த ஏற்பாட்டை, மின்விளக்குக்கு நாம் செய்யவில்லை.

இழப்பு யாருக்கு? பெரிய குழு கன்சோலையும் விளக்குகளையும் தானே கொண்டுவரும். அரை நாள் வாடகையைச் சிரமப்பட்டுத் திரட்டிவரும் சிறு குழுவோ, ஒத்திகைக்குரிய நேரத்தை முகவரி தேடுவதில் தொலைக்கிறது. நடிகர்கள் தாம் நிற்கும் இடத்தில் ஒளி விழுமா என்றறியாமலே மேடையேறுகின்றனர்.

“அரங்கத்து மின்பணியாளருக்கு எல்லாம் தெரியும்” என்பார்கள். அவர் விடுப்பெடுக்கும் நாளில்? ஓய்வுபெற்ற பின்? அவரது நினைவாற்றலைப் போற்றுவோம். அதனை நிர்வாகத்தின் ஆவணக்காப்பகமாக்குவது அவருக்கும் கொடுமை.

வேண்டுவது ஒரே தாள்: தொங்கும் இடம், விளக்கின் வகை, சேனல் எண்ணிக்கை, முகவரி, கடைசியாகத் திருத்திய நாள். கன்சோல் அருகே ஒரு படி. முன்பதிவு ரசீதோடு ஒரு படி. விக்கினம் தீரப் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பது குழுவின் விருப்பம். தாளைத் தருவது நிர்வாகத்தின் கடமை. அடுத்த முறை பணம் கட்டும்போதே அதைக் கேளுங்கள். இல்லையென்றால், எழுத்தில் கேளுங்கள்.