பக்கத்து வீட்டு எச்.பி.யைக் கேட்டு மோட்டார் வாங்காதீர்கள்

போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். ஆவடிப் பக்கம் புதிதாக வீடு கட்டுகிறார், போர் போட்டாயிற்று. "சார், மோட்டார் ஒன்றரை எச்.பி. போதுமா, இரண்டாகவே போட்டுவிடலாமா? பக்கத்து வீட்டில் இரண்டு போட்டிருக்கிறார்கள்" என்றார்.

நான் ஐந்து கேள்வி கேட்டேன். போர் எத்தனை அடி? தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது? ஒரு மணி நேரத்துக்கு எத்தனை லிட்டர் ஊறுகிறது? எந்த ஆழத்தில் மணல், எந்த ஆழத்தில் களி? பைப்பில் துளை எங்கே விட்டிருக்கிறார்கள்? முதல் கேள்விக்கு மட்டும் பதில் வந்தது, அதுவும் அடிக் கணக்கில் பணம் கொடுத்ததால் தெரிந்த பதில். மற்ற நான்குக்கும் "போர்க்காரருக்குத் தெரியும் சார்" என்றார். போர்க்காரர் அடுத்த ஊருக்குப் போய்விட்டார்.

இது அவர் ஒருவருடைய கதை இல்லை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று நம் மேற்குப் பக்கம் முழுக்க மோட்டார் இப்படித்தான் வாங்கப்படுகிறது. தேங்காய் எந்த இடத்தில் எழுந்து நின்றது என்று கேட்கிறோம், வாஸ்துப்படி ஈசானியமா என்று கேட்கிறோம். கீழே என்ன மண் என்று மட்டும் கேட்பதில்லை. லட்சக்கணக்கில் செலவு செய்கிற விஷயத்தில் இந்த அலட்சியம் அறியாமை என்ற அளவைத் தாண்டிவிட்டது, ஊருக்கே கேடு. கோபமாகத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மண். கிண்டி, பல்லாவரம் பக்கம் கீழே கருங்கல் பாறை. மேலே கொஞ்ச தூரம் கேசிங் இறக்கிவிட்டால், கீழே பாறையே சுவராக நிற்கும். நம் பக்கம் பெரும்பாலும் அப்படி இல்லை. களிமண், நடுநடுவே மணல், சில இடங்களில் செம்பாறை. பாடி, கோயம்பேடு பக்கமெல்லாம் தோண்டினால் கருப்பாக ஏடு ஏடாக வரும் களிப்பாறை. இவையெல்லாம் ஈரம் பட்டால் சரியும். அதனால் அடிவரை பைப் இறக்க வேண்டும். மணல் அடுக்குக்கு நேராக மட்டும் துளை பைப், களிக்கு நேராக மூடிய பைப், சுற்றிலும் சல்லி போட்டுப் பிறகு கலங்கல் தெளியும் வரை காற்றடித்துக் கழுவ வேண்டும். "எல்லாத்துலயும் துளை விட்டா நிறைய தண்ணி வரும்" என்பவரை நம்பினால், தண்ணீரோடு களியும் வரும். இரண்டு வருடத்தில் போர் தூர்ந்துபோகும். பழி மட்டும் மோட்டார் மேல் விழும்.

அடுத்து மோட்டார் வகை. இதற்கு நான் பாடம் நடத்தியே களைத்தவன். 1643-இல் டாரிசெல்லி பாதரசக் குழாயைக் கவிழ்த்து வைத்தார். 76 செ.மீ. என்று எழுதி மதிப்பெண் வாங்கினீர்களே, அதேதான். அந்தக் காற்றழுத்தம் தண்ணீரைத் தூக்கினால் 10.3 மீட்டர். நடைமுறையில் ஏழெட்டு மீட்டர், அதாவது 25 அடி. தண்ணீர் அதற்குக் கீழே போய்விட்டால், மேலே வைத்து உறிஞ்சுகிற மோட்டார் எத்தனை எச்.பி. ஆனாலும் வேலை செய்யாது. ஐந்து எச்.பி. போட்டாலும் இயற்கை விதி வளையாது. ஆனாலும் ஒவ்வொரு கோடையிலும் மேல் மோட்டாரைக் கழற்றிவிட்டு அதைவிடப் பெரிய மேல் மோட்டார் மாட்டுகிறவர்களை நான் பார்க்கிறேன். அதில் சிலர் என் வகுப்பில் படித்தவர்கள்!

25 அடிக்குக் கீழே என்றால் ஜெட், கம்ப்ரசர், சப்மெர்சிபிள் என்று வழி இருக்கிறது. மணல் வருகிற, ஊற்று குறைந்த, குறுகலான போருக்குக் கம்ப்ரசர் தாக்குப்பிடிக்கும், ஏனென்றால் போருக்குள் சுழலும் பாகம் எதுவும் இல்லை. கரண்ட் கூடுதலாக இழுக்கும். தெளிந்த தண்ணீர், நேரான போர் என்றால் சப்மெர்சிபிள் சிக்கனம். அதையும் அடித்தரையில் உட்கார வைக்கக்கூடாது. சேற்றில் புதைந்தால் சூடு தணியாமல் காயில் கருகும். துளை பைப்புக்கு நேராகவும் தொங்கவிடக்கூடாது, மணல் நேரே உள்ளே போகும்.

இப்போது எச்.பி. ஒரு சின்னக் கணக்கு. ஓடும்போது தண்ணீர் 90 அடியில் நிற்கிறது, மாடித் தொட்டி 40 அடி உயரம், பைப் உராய்வையும் சேர்த்து 150 அடி என்று வையுங்கள், அதாவது 45 மீட்டர். மணிக்கு 2,000 லிட்டரை அந்த உயரத்துக்குத் தூக்க வேண்டிய திறன் சுமார் 245 வாட். மூன்றில் ஒரு பங்குதான் பயன்படுகிறது, மீதி விரயம் என்றே வைத்துக்கொண்டாலும் 735 வாட். ஒரு எச்.பி. என்பது 746 வாட். ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்ற அரசுக் கணக்குப்படி, ஐந்து பேர் குடும்பங்கள் மூன்றுக்கு அந்த 2,000 லிட்டர் போதும். ஒரு எச்.பி., ஒரு மணி நேரம். அவ்வளவுதான். இரண்டு எச்.பி. எதற்கு?

"தொட்டி சீக்கிரம் நிறையும், கரண்ட் போவதற்குள் ஏற்றிவிடலாம்" என்பார்கள். நியாயமான பேச்சு மாதிரிதான் இருக்கிறது. ஆனால் பூமி மணிக்கு 1,500 லிட்டர்தான் ஊறவிடுகிறது என்றால், 4,000 லிட்டர் இழுக்கிற மோட்டார் என்ன செய்யும்? ஆறு அங்குல போரில் ஓர் அடிக்கு ஐந்தரை லிட்டர்தான் நிற்கும். மோட்டாருக்கு மேலே 60 அடி தண்ணீர் இருந்தாலும் ஏறத்தாழ எட்டு நிமிடத்தில் காலி. அதன்பிறகு காற்றும் மணலும். அவசரம் என்றால் சம்ப் கட்டுங்கள். சின்ன மோட்டாரை இரண்டு தவணையாக ஓட்டி அதில் சேமியுங்கள். பூமியை அவசரப்படுத்த முடியாது.

நானும் இந்தத் தப்பைச் செய்தவன்தான். பாடம் நடத்தியவனே பக்கத்து வீட்டைப் பார்த்து ஒன்றரை எச்.பி. வாங்கினேன். ஒரு சித்திரை மாதம் அது தண்ணீர் இல்லாமல் ஓடிக் கருகியது. அதைவிடப் பெரிய தண்டனை, பின் வீட்டு அம்மா வந்து "சார், நீங்க மோட்டார் போட்டா எங்க கிணத்துல வாளி தரை தட்டுது" என்று சொன்னது. அவர் சண்டை போடவில்லை, சும்மா சொன்னார். கரண்ட் பில் என்னுடையதாக இருக்கலாம், தண்ணீர் என்னுடையது மட்டும் இல்லை என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

ஆழப் போட்டிக்கு முடிவு என்ன என்று பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். வடக்கே மீஞ்சூரில் பல பத்தாண்டுகள் உறிஞ்சியதில் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. அதற்காகத்தான் 1987-இலேயே சென்னைப் பெருநகர் நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கிணறு தோண்ட அனுமதி வாங்க வேண்டும் என்று சொன்ன சட்டம் அது. நம் தெருவில் எத்தனை பேர் வாங்கினார்கள்? 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாயிற்று. 2019 கோடையில் பக்கத்திலிருக்கும் செம்பரம்பாக்கம் ஏரியே வறண்டு கிடந்தது. அப்போதும் நாம் செய்தது என்ன? இன்னும் 50 அடி இறக்கினோம்.

சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மி.மீ. மழை. 1,000 சதுர அடி மாடியில் விழுவது சுமார் 1,30,000 லிட்டர். அதில் பாதியை இறக்கினாலும் எவ்வளவு! மேலே களி இருக்கிற நம் பக்கத்தில், மூன்றடிக் குழி தோண்டி ஜல்லி கொட்டினால் தண்ணீர் இறங்காது, களியைத் தாண்டி மணல் வரைக்கும் வழி விட வேண்டும். பழைய திறந்த கிணறு இருந்தால் அதுவே அந்த வழி. அதைக் கட்டட இடிபாடு கொட்டி மூடிவிட்டு, அதன்மேல் கார் நிறுத்துகிறோம். வற்றிய போரையோ வாய் திறந்தபடி விட்டுவிடுகிறோம். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் ஒரு குழந்தை அப்படிப்பட்ட குழியில்தான் போனது. அதற்குள் மறந்தாயிற்று.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. போர் போடும்போது பத்தடிக்கு ஒரு பிடி மண்ணை எடுத்துக் காகிதத்தில் பரப்பி, ஆழத்தை எழுதி வையுங்கள். முடிந்ததும் ஒரு மணி நேரமாவது தண்ணீர் எடுத்துப் பார்த்து, எவ்வளவு வந்தது, மட்டம் எத்தனை அடி இறங்கியது என்று போர்க்காரரிடம் எழுதி வாங்குங்கள். எழுதித் தந்த பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள். அந்தத் தாளின் ஒரு நகலை மீட்டர் பெட்டிக்குள் ஒட்டுங்கள், இன்னொரு நகலோடு மோட்டார் கடைக்குப் போங்கள். மாநகராட்சிகளும் பூந்தமல்லி நகராட்சியும் வீட்டு அனுமதிக்கு ஆயிரம் தாள் கேட்கின்றன. இந்த ஒரு தாளையும் கேட்கட்டும். பத்து வருடத்தில் தெருவுக்குத் தெரு நிலத்தடி வரைபடமே கிடைத்துவிடும்.

என் மாணவர் நேற்று ஊற்றை அளந்து பார்த்தாராம். மணிக்கு 1,600 லிட்டர்தான் வந்ததாம். ஒரு எச்.பி.கூட அதிகம் சார் என்கிறார். முக்கால் எச்.பி. வாங்கப் போகிறார்.

உங்கள் வீட்டு போர் எத்தனை அடி, கீழே என்ன மண் என்று கமெண்டில் எழுதுங்கள். தெரியவில்லை என்றால் "தெரியாது" என்றே எழுதுங்கள். எத்தனை பேருக்குத் தெரியாது என்பதையும் பார்ப்போம்.