‘மிஸ்ஸிங்’ எண்டு விழுந்த பிள்ளை

எங்கட ஊர் சனசமூக நிலையத்தில் பத்தாம் தரப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறோம். கிழமைக்கு மூன்று நாள்தான் சந்திக்கலாம். அதனால் மற்ற நாட்களுக்கு கூகிள் கிளாஸ்ரூமில் ஒப்படைகள் போட்டோம். கூகிள் போமில் சின்னச் சின்னப் பரீட்சைகள் வைத்தோம். திருத்துகிற வேலை மிச்சம், புள்ளி உடனே வரும், ஆர் செய்தது ஆர் செய்யேல்லை எண்டு ஒரே பார்வையில் தெரியும். நல்லாத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஒரு பெடியனுக்கு மட்டும் நான்கு கிழமை தொடர்ந்து ‘மிஸ்ஸிங்’ எண்டு சிவப்பில் விழுந்தது. “இவனுக்குச் சரியான பஞ்சி” எண்டு எங்களுக்குள் கதைத்துக்கொண்டோம். ஐந்தாவது கிழமைதான் கூப்பிட்டுக் கேட்டோம். பேசாமல் கொப்பியை எடுத்து நீட்டினான். நான்கு ஒப்படையும் அதில் எழுதியிருந்தது. வீட்டில் ஒரு போன்தான். அதை அப்பா மேசன் வேலைக்குக் கொண்டுபோய்விடுவார். அவர் திரும்பி வர இரவு எட்டு மணி. நாங்கள் வைத்த கடைசி நேரமோ ஆறு மணி. “நேரம் முடிஞ்சுது எண்டு காட்டிச்சு அண்ணா. பிறகு அனுப்பினா ஏசுவியள் எண்டு விட்டிட்டன்.”

கொப்பியைப் புரட்டியபோது இன்னொன்றும் தெரிந்தது. சமன்பாட்டில் ஒரு உறுப்பை மற்றப் பக்கம் கொண்டுபோகும்போது குறியை மாற்ற மறந்திருந்தான். முதலாவது ஒப்படையிலும் அதே பிழை, நான்காவதிலும் அதே பிழை. முதல் கிழமையே பத்து நிமிடத்தில் திருத்தியிருக்கக் கூடியது. எங்களிடம் இருந்த கருவி அவன் அனுப்பவில்லை என்பதைச் சரியாகச் சொன்னது. அவனுக்கு என்ன விளங்கவில்லை என்பதை நாங்கள் தேடவேயில்லை.

எங்களுடைய வாதம் இதுதான்: ஓன்லைன் பரீட்சையும் ஒப்படைப் பதிவும் பிள்ளையைக் கண்காணிக்க அல்ல, பிள்ளை எங்கே தடக்குப்படுகிறது என்று பார்க்கத்தான் பயன்பட வேண்டும்.

2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடியபோது இந்தக் கருவிகள் அவசரத்தில் எங்கள் வீடுகளுக்குள் வந்தன. பலருக்குப் பாடசாலை என்றால் வட்சப் குழு என்றே ஆனது. ஆசிரியர்களும் தங்கட போன், தங்கட டேட்டாவில்தான் சமாளித்தார்கள். சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி 2021 யூலையில் அவர்கள் ஓன்லைன் கற்பித்தலில் இருந்து விலகியபோது, முழு ஏற்பாடும் யாருடைய தோளில் நின்றது என்பது தெரிந்தது.

“அது கொரோனாக் காலக் கதை, இனித் தேவையில்லை” என்று சொல்ல முடியாது. 2022 மார்ச்சில் தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. தாள் இல்லாவிட்டால் ஓன்லைனில் வைக்கலாமே என்று தோன்றும். ஆனால் அந்த மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போனதும் நினைவிருக்கும். ஒன்றையே முழுதாக நம்பினால் அதோடு சேர்ந்து நாங்களும் விழுவோம்.

கருவி தானாகத் திருத்துவதிலும் ஒரு பொறி இருக்கிறது. பல்தேர்வு வினாவுக்கு போம் நல்லது. சிறுவிடை என்றால், நாங்கள் கொடுத்த விடையோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தினால்தான் சரி போடும். ‘ஒளித்தொகுப்பு’ என்பதை ஒரு பிள்ளை ‘ஒளித் தொகுப்பு’ என்று இடைவெளி விட்டு எழுதியது. விடை சரி, புள்ளி பூச்சியம். போனில் தமிழ் தட்டத் தெரியாததற்கும் விஞ்ஞானம் தெரியாததற்கும் வித்தியாசம் அந்த போமுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரிய வேண்டும்.

புள்ளிப் பட்டியலை அப்படியே ஸ்கிரீன்ஷொட் எடுத்துப் பெற்றோர் குழுவில் போடுவது இன்னும் மோசம். புலமைப்பரிசில் முடிவு வந்தவுடன் பனர் கட்டுகிற பழக்கம் ஏற்கெனவே எங்களிடம் இருக்கிறது. இப்போது கடைசியாக வந்த பிள்ளைக்கும் கிழமைக்குக் கிழமை பனர் கட்டுகிறோம்.

அந்தப் பெடியனுக்குப் பிறகு சிலதை மாற்றினோம். கடைசி நேரம் இப்போது அடுத்த நாள் இரவு பத்து மணி. கொப்பியைப் படமெடுத்து அனுப்பலாம், வகுப்புக்குக் கொண்டுவந்தும் தரலாம். புள்ளி அந்தப் பிள்ளைக்கு மட்டும் போகும். சிறுவிடைகளை நாங்களே ஒருக்கா வாசிக்கிறோம். போமின் சுருக்கத்தில் கனபேர் பிழைவிட்ட வினாக்களைத் தனியாகக் காட்டும். அடுத்த வகுப்பை அதிலிருந்து தொடங்குகிறோம். ஒப்படை வராவிட்டால் எங்கட பதிவில் ‘ஏன்?’ என்று ஒரு நிரல் இருக்கிறது. கேட்காமல் அதை நிரப்ப முடியாது.

இதற்குப் புதுச் செயலி ஒன்றும் தேவைப்படவில்லை. உங்கள் பாடசாலையில், ரியூசனில், ஊர் வகுப்பில் இப்படி ஒரு பட்டியல் இருந்தால் நாளைக்கு ஒருக்கா திறந்து பாருங்கள். சிவப்பில் இருக்கிற பெயர்களில் ஒன்றைக் கூப்பிட்டு, கொப்பியைக் காட்டச் சொல்லுங்கள்.