டிரையல் எத்தனை நாள்?

ஓசூரில் ஒரு சொல் காலை முதல் இரவு வரை காதில் விழும். "டிரையல்" என்பதுதான் அந்தச் சொல்.

சிப்காட் பட்டறையில் புது அச்சு மாட்டினால், முதலில் வரும் நாலு உருப்படி டிரையல். துணிக்கடையில் சட்டையைப் போட்டுப் பார்க்கும் இடம் டிரையல் ரூம். ஸ்கூட்டர் வாங்க வந்தவர் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தால் அதுவும் டிரையல். கோர்ட்டில் வழக்கு நடந்தால் அதற்கும் ஆங்கிலத்தில் இதே பெயர். வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு ஆன பையனைக் கேட்டாலும், "இன்னும் டிரையல்லதான் இருக்கேன் அண்ணே" என்கிறான்.

இரும்புக்கும் டிரையல். சட்டைக்கும் டிரையல். மனிதனுக்கும் டிரையல்! இது என்ன சொல்?

முறமும் கேழ்வரகும்

இந்தச் சொல் பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. சலித்து எடுப்பது, பொறுக்கிப் பிரிப்பது என்பது அதன் பழைய பொருள்.

கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பெண்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கேழ்வரகை முறத்தில் கொட்டிப் புடைக்கிறார்கள். பதர் பறக்கிறது. மணி தங்குகிறது. அதோடு வேலை முடிந்தது. மணி மூட்டைக்குப் போகிறது. ஒரே கேழ்வரகை ஆண்டுக் கணக்கில் முறத்திலேயே வைத்துப் புடைத்துக்கொண்டிருப்பவர் யாராவது உண்டா?

கோர்ட்டுக்கு இந்தச் சொல் போனதும் இதே பொருளில்தான். குற்றம் செய்தவரா, செய்யாதவரா என்று சாட்சியங்களைச் சலித்துப் பிரிக்க வேண்டும். பிரித்த பிறகு தீர்ப்புச் சொல்ல வேண்டும். அது நடக்காமல் போனால் என்ன ஆகும்? பீகார் சிறைகளில் நடந்ததே சாட்சி. குற்றம் உறுதியானால் கிடைக்கக்கூடிய தண்டனையைவிட அதிகக் காலம், விசாரணையே முடியாமல் ஏழைகள் அடைபட்டுக் கிடந்தார்கள். 1979-இல் ஹுசைனாரா காத்தூன் வழக்கில் சுப்ரீம் கோர்ட் அதைக் கண்டித்தது. விரைவான விசாரணை என்பது மனிதனின் உரிமை, அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவில் அது அடங்கும் என்று சொன்னது. முடிவில்லாத டிரையல், டிரையலே அல்ல என்று ஆயிற்று.

நாலு மொழி, ஒரு கண்

ஓசூர் எல்லை ஊர். ஜூஜூவாடியைத் தாண்டினால் அட்டிபெலே. அது கர்நாடகம். ஒரே டீக்கடையில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும். இப்போது வட இந்தியத் தொழிலாளர்களின் இந்தியும் சேர்ந்துகொண்டது.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனிக்கலாம். தமிழர் "செய்து பார்" என்கிறார். தெலுங்கர் "சேசி சூடு" என்கிறார். கன்னடர் "மாடி நோடு" என்கிறார். இந்திக்காரர் "கர்கே தேக்கோ" என்கிறார். நாலுக்கும் பொருள் ஒன்றே. நாலிலும் கடைசிச் சொல் "பார்" என்பதே! ஆங்கிலம் முறத்தை எடுத்தது. நம் மொழிகள் கண்ணை நம்பின.

தமிழில் இதற்கென்றே அழகான சொல் ஒன்றும் உண்டு: வெள்ளோட்டம். புதுத் தேர் செய்தால் திருவிழாவுக்கு முன்பே ஒரு நாள் குறித்து வெறுந்தேரை இழுத்துப் பார்ப்பார்கள். சக்கரம் சுற்றுகிறதா, அச்சு தாங்குகிறதா என்று தச்சர் கூடவே நடந்து பார்ப்பார். மாலைக்குள் தேர் நிலைக்கு வந்துவிடும். அடுத்த ஓட்டம் சுவாமியோடுதான். வெள்ளோட்டத்தையே வருஷம் முழுவதும் நடத்தும் ஊர் கிடையாது.

பார்ப்பது தவறா?

தவறே இல்லை. பிரஸ் மெஷினில் கை வைக்கத் தெரியாதவனை நிறுத்தினால் விரல் போகும். பழக்கித்தான் ஆக வேண்டும். பழகினானா என்று பார்த்துத்தான் ஆக வேண்டும்.

ஓசூர் வளர்ந்ததே அப்படித்தான். சிப்காட் நிறுவனம் 1971-இல் தொடங்கியது. ஓசூரில் மானாவாரி நிலங்கள் தொழிற்பேட்டை ஆயின. 1980-இல் இருவர் ஏறிச் செல்லும் டி.வி.எஸ். 50 இங்கிருந்து புறப்பட்டது. 1984-இல் டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கின. கைக்கடிகாரத்தை அதுவரை பிரித்தே பார்த்திராத இந்த வட்டாரத்துப் பள்ளிப் பிள்ளைகள், பயிற்சி பெற்று நுண்ணிய பாகங்களைக் கோக்கும் கைகாரர் ஆனார்கள். ஏரைப் பிடித்த குடும்பத்துக் கை கடிகார முள்ளைப் பிடித்தது!

வம்பு வேறு இடத்தில் இருக்கிறது. சில இடங்களில் பதினோரு மாதம் ஆனதும் பழைய அடையாள அட்டையை வாங்கிக்கொள்கிறார்கள். சில நாள் வீட்டில் இருக்கச் சொல்கிறார்கள். பிறகு வேறு காண்டிராக்டர் பெயரில் புது அட்டை. ஆள் அவனேதான். மெஷினும் அதேதான். ஆனால் டிரையல் மறுபடி முதல் நாளிலிருந்து! இவன் வேலை தெரிந்தவன் என்பது சூப்பர்வைசருக்கும் தெரியும். தெரியாவிட்டால் இராத்திரி ஷிப்டில் புதுப் பையன்களுக்குக் கற்றுக்கொடுக்க இவனை நிறுத்துவாரா?

திருக்குறளில் "தெரிந்து தெளிதல்" என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. ஆராயாமல் நம்புவதும் துன்பம், ஆராய்ந்து நம்பியவன்மேல் மறுபடி சந்தேகப்படுவதும் துன்பம் என்பது அங்கே சொல்லப்படும் கருத்து. முதல் பாதி முதலாளிகளுக்கு நன்றாகவே நினைவிருக்கிறது. இரண்டாம் பாதிதான் மறந்துபோகிறது.

இதன் விலை சிறிதல்ல. டிரையலில் இருப்பவனுக்கு வீட்டுக் கடன் எளிதில் கிடைக்காது. பெண் கேட்டுப் போனால், "வேலை நிரந்தரமா?" என்பது முதல் கேள்வி. உடம்புக்கு முடியாமல் இரண்டு நாள் படுத்தாலும் பயம்.

480 நாள்

தமிழ்நாடு அரசு 1981-இல் இதற்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. தொழிலாளர்களுக்கு நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம் அது. கணக்கு எளிது. 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து பணி செய்தவரை நிரந்தரம் ஆக்க வேண்டும். சம்பளத்தோடு எடுத்த விடுப்பும் அந்தக் கணக்கில் சேரும். பெண்களுக்குப் பேறுகால விடுப்பிலும் 12 வாரம் வரை சேரும். ஐம்பது பேருக்குக் குறைவாக உள்ள இடங்களுக்கு இந்தச் சட்டம் இல்லை.

அப்ரண்டிஸ் கதை வேறு. 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல. ஆனால் அவருக்கும் ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். பயிற்சிக் காலம் எவ்வளவு என்று அதில் இருக்க வேண்டும். ஆகவே டிரெயினி, அப்ரண்டிஸ், புரொபேஷனர் என்று பல பெயர்கள் உலவும் ஊரில், கையெழுத்துப் போடுமுன் தன் பெயருக்கு எதிரே எது எழுதியிருக்கிறது, எந்தத் தேதி வரை என்று படித்துப் பார்ப்பது நல்லது. ஆங்கிலத்தில் இருந்தால் படித்த ஒருவரைக் கொண்டு வாசிக்கச் சொல்லலாம். அதில் வெட்கம் வேண்டாம்.

இன்னொன்று. மாதச் சம்பளச் சீட்டைக் கசக்கி எறிகிறவர்கள் பலர். வருங்கால வைப்பு நிதி எண்ணைக் குறித்து வைக்காதவர்களும் பலர். பழைய அடையாள அட்டையைத் திருப்பிக் கேட்டால் கொடுக்கலாம். கொடுக்குமுன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாம். 480 நாளை வாயால் சொன்னால் யாரும் ஏற்கமாட்டார்கள். அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி இருந்தால் போதும். மாதம் ஒரு சீட்டு அதில் விழட்டும்.